டிரவுட் ஆசையும் கையெழுத்துப் போட்ட தாளும்: ஓர் ஆசிரியருக்கு வழக்கறிஞரின் பதில்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், பள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 43. தடப்பள்ளி வாய்க்காலில் மண்புழு கோத்துத் தூண்டில் போட்டு வளர்ந்தவர். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பவானிக் கரையில்தான் இருப்பாராம். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் மச்சான்தான் கூட்டாளி. செப்டம்பரில் இருவரும் காட்டை ஒட்டிய ஓர் அணையின் நீர்ப்பிடிப்பு ஓரத்தில் ரீல் தூண்டில் போட்டிருக்கிறார்கள். (எந்த அணை என்பதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன்.) இரண்டு ஜிலேபி மீன் மாட்டியிருக்கிறது. அப்போது வந்த வனத்துறை ஊழியர்கள் தூண்டில்களை வாங்கிக்கொண்டு, ஏதோ எழுதிய ஒரு தாளில் இருவரிடமும் கையெழுத்து வாங்கி, "ரேஞ்ச் ஆபீஸுக்கு வந்து பாருங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ரசீது இல்லை. இவர்களும் போகவில்லை. இரண்டு மாதம் ஓடிவிட்டது.

இது ஒருபுறம் இருக்க, அரையாண்டு விடுமுறைக்கு நீலகிரியில் அவலாஞ்சி, மேல்பவானிப் பக்கம் டிரவுட் என்ற குளிர்நீர் மீன் பிடிக்கப் போகத் திட்டம். உதகையில் ஒரு விடுதியில் இருப்பவர், 6,000 ரூபாயை ஜிபே செய்தால் 'பர்மிட்' எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மச்சானோ, "ஏனுங்க, ஆறு என்ன அவிங்க அப்பன் வூட்டுதுங்களா?" என்கிறார். டிரவுட் வெளிநாட்டு மீன், பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லை, பிடித்ததும் தண்ணீரிலேயே விட்டுவிட்டால் குற்றமே இல்லை, மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரலில்தான் வரும், அப்படியே மாட்டினாலும் ஃபைன் கட்டினால் முடிந்தது: இவை மச்சானின் வாதங்கள். ஆசிரியருக்கு அரைகுறை நம்பிக்கை. அடுத்த ஆண்டு தலைமை ஆசிரியர் பதவி உயர்வு வரவேண்டியிருப்பதால் பயமும் இருக்கிறது. கூடவே ஒரு துணைக்கேள்வி: கோத்தகிரியில் மாமாவின் தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடை ஓடுகிறது, அதில் டிரவுட் குஞ்சு வாங்கி விடலாமா?

ஐயா, நீங்கள் டிரவுட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தாளைப் பற்றி நான்கே வரி. நான் அந்த நான்கு வரியிலிருந்து தொடங்குகிறேன். டிரவுட் எங்கேயும் ஓடிவிடாது.

அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது?

நீங்கள் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். காட்டு ஓரத்தில் சீருடைக்காரர் நான்கு பேர் சூழ்ந்து நிற்கும்போது யாருக்கும் படிக்கத் தோன்றாது, புரிகிறது. ஆனால் அதில் இருப்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நிலைமை லேசானதா கனமானதா என்று சொல்ல முடியும். மூன்று விதமாக இருக்கலாம்.

முதலாவது, வெறும் எச்சரிக்கைக் கடிதம். "இனி இப்பகுதிக்குள் வரமாட்டோம்" என்று எழுதி வாங்கியிருப்பார்கள். அப்படியானால் பெரிய கவலை இல்லை.

இரண்டாவது, தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன் கீழ் போட்ட மகஜர், அதாவது சம்பவ இடத்தில் நடந்ததையும் கைப்பற்றியதையும் எழுதிய பதிவு. காப்புக்காட்டுக்குள் அத்துமீறி நுழைவதும், விதிகளை மீறி அங்கே மீன் பிடிப்பதும் அந்தச் சட்டத்தில் குற்றம். இதில் இணக்கக் கட்டணம் (நீதிமன்றம் போகாமல் முடிக்கத் துறைக்குக் கட்டும் பணம்) கட்டி முடித்துக்கொள்ள வழி இருக்கிறது.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. அந்த இடம் சரணாலயத்துக்குள்ளோ புலிகள் காப்பகத்துக்குள்ளோ வந்தால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 உள்ளே நுழைகிறது. அனுமதியில்லாமல் நுழைந்தது 27ஆம் பிரிவு. ஆயுதத்தோடு நுழைந்தது 31ஆம் பிரிவு. "என்ன ஆயுதம், தூண்டில்தானே" என்பீர்கள். சட்டம் ஆயுதம் என்று பட்டியலிடும் பொருள்களில் துப்பாக்கி, வெடிமருந்து, நஞ்சு ஆகியவற்றோடு முள்ளும் வலையும் இருக்கின்றன. தூண்டில்முள் பையில் இருந்தாலே போதும், தண்ணீரில் போட்டிருக்கக்கூட வேண்டாம். இந்தப் பிரிவுகளை மீறினால் 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராத வரம்பை உயர்த்தியது 2022ஆம் ஆண்டுத் திருத்தம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

இதே சம்பவத்தை 'சரணாலயத்துக்குள் வேட்டை' என்று எழுதியிருந்தால் கதை வேறு. அதற்குக் குறைந்தபட்சமே 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. குறைந்தபட்சத் தண்டனை வகுத்த குற்றங்களைக் கட்டணம் கட்டி முடிக்க 54ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. ஆகவே "ஃபைன் கட்டினா முடிஞ்சுது" என்ற மச்சானின் கணக்கு, தாளில் எந்தப் பிரிவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இங்கே உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்கிறேன். அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற குற்றம் அட்டவணைகளில் பெயர் குறித்த விலங்குகளை ஒட்டியே வருகிறது. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மீன், அட்டவணையில் இல்லை. ஆகவே வேட்டை என்று எழுதியிருந்தால் அதை எதிர்த்து வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை நீதிமன்றத்தில் வழக்கறிஞர்தான் வைக்க வேண்டும். ரேஞ்ச் அலுவலக வாசலில் நின்று நீங்கள் சொன்னால், மீன் பிடித்ததை ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று எல்லாருக்கும் தெரியும். வனத்துறைக்கு அதே கணக்குப் போடாதீர்கள். உதவி வனப்பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் பெற்ற அலுவலர் உங்கள் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் விசாரணையில் ஏற்கப்படும் என்று 50ஆம் பிரிவு சொல்கிறது.

போய்ப் பார்ப்பதா, சும்மா இருப்பதா?

"இரண்டு மாசமா யாரும் கூப்பிடலை, நாமளே போய்க் கேட்டா கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிடுமோ" என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான தயக்கம்தான். சும்மா இருந்தால் அவர்கள் மறந்துவிட வாய்ப்பு உண்டு. ஆனால் 3 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு நீதிமன்றம் வழக்கை ஏற்க 3 ஆண்டு வரை காலம் இருக்கிறது. உங்கள் பதவி உயர்வு அடுத்த ஆண்டு. பட்டியல் தயாராகும் நேரம் பார்த்துச் சம்மன் வந்தால் அது மோசமான நேரமாக இருக்கும். குற்றப்பத்திரிகை நிலுவையில் இருக்கிறவரின் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் தள்ளிப்போவது அரசுப் பணியில் வழக்கமாக நடப்பது. கைதாகி 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால் தானாகவே தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்பட்டதாகக் கருதும் விதியும் இருக்கிறது.

ஆகவே என் யோசனை, போய்ப் பார்ப்பதே நல்லது. ஆனால் தனியாகப் போகாதீர்கள். உள்ளூர் அரசியல்வாதி, ஒன்றியக் கவுன்சிலர் யாரையும் முன்னால் தள்ளாதீர்கள். சின்ன விஷயத்தைப் பெரிய கோப்பாக்குவது பெரும்பாலும் சிபாரிசுதான். வனவழக்கு பார்த்த ஒரு வழக்கறிஞரோடு போங்கள். மகஜரின் நகலைக் கேளுங்கள். வழக்கு எண் கொடுத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பற்றிய பொருளை உடனே நீதித்துறை நடுவர் முன் வைக்க வேண்டும் என்பது வனவிலங்குச் சட்டத்தின் விதி. அது நடந்ததா என்று வழக்கறிஞர் கேட்கட்டும். வாய்ப்பேச்சில் பதில் கிடைக்காவிட்டால், மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

இணக்கக் கட்டணம் என்று சொன்னால் எழுத்தில் உத்தரவும் ரசீதும் வாங்கிய பிறகே பணம். அப்படி முறையாக முடித்தால் மேல்நடவடிக்கை இல்லை, அது தண்டனையும் ஆகாது. ரசீதில்லாமல் யார் கையிலாவது கொடுத்தால் அது லஞ்சம். 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். அரசு ஊழியரான உங்களுக்கு மீன் பிடித்த வழக்கைவிட இது பெரிய தலைவலி.

இன்னொன்று. அன்றைக்கு எடுத்த படங்களை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். புதிதாக எதையும் வைக்காதீர்கள். பழையதைப் பயந்துபோய் அழிக்கவும் வேண்டாம். எந்த இடத்தில் நின்றீர்கள் என்று போன் படத்தில் இடக்குறிப்பு இருக்கும். அது சரணாலய எல்லைக்கு வெளியே காட்டினால் உங்களைக் காப்பாற்றுவதே அந்தப் படமாக இருக்கலாம்.

ஆறு பொதுதான், கரை யாருடையது?

மச்சானின் அப்பன்வீட்டுச் சொத்து வாதத்துக்கு வருவோம். பவானியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் டிரவுட் தேடிப் போக நினைக்கும் மேல்பவானியில்தான் அது பிறக்கிறது. கேரளத்துக்குள் இறங்கி அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு மறுபடி நம் பக்கம் வருகிறது. அவலாஞ்சி, எமரால்டுப் பக்கத்துத் தண்ணீர் குந்தா ஆறாக இறங்கி இதோடு சேர்கிறது. பில்லூர், மேட்டுப்பாளையம் தாண்டி பவானிசாகரில் மோயாற்றையும் சேர்த்துக்கொண்டு, சத்தி, கொடிவேரி வழியாக வந்து கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. ஆறு ஒன்றுதான். ஆனால் மேலிருந்து கீழே வருவதற்குள் அதன் கரை எத்தனையோ துறைகளின் கைக்கு மாறிவிடுகிறது. மீன் எது என்று பார்ப்பதற்கு முன், நீங்கள் நிற்கும் இடம் யார் பொறுப்பில் இருக்கிறது என்றுதான் சட்டம் பார்க்கும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் முக்கால்வாசிக்குப் பதில் தானாக வந்துவிடும்.

சத்தி முதல் கூடுதுறை வரை வயலும் ஊருமாக இருக்கும் பகுதியில், குத்தகையும் தடை அறிவிப்பும் இல்லாத இடத்தில் கைத்தூண்டில் போடுகிறவரை யாரும் பொதுவாகத் தொந்தரவு செய்வதில்லை. அங்கே பெரிய குற்றம் வெடித்தோட்டா போடுவதும் தண்ணீரில் நஞ்சு கலப்பதும். இந்திய மீன்வளச் சட்டம், 1897 இரண்டையும் தண்டிக்கிறது. வலையின் அளவு, எந்த நீர்நிலையில் எவ்வளவு காலம் மீன்பிடிக்கக் கூடாது என்பதையெல்லாம் மாநில அரசு விதியாக வகுக்கவும் அந்தச் சட்டம்தான் இடம் தருகிறது. இன்வெர்ட்டர் பேட்டரியை வைத்து வாய்க்காலில் மின்சாரம் பாய்ச்சி மீன் பிடிக்கும் ஆட்கள் உங்கள் பக்கமும் இருப்பார்கள். அவர்களோடு ஒரே கரையில்கூட நிற்காதீர்கள்.

குளமும் ஏரியும் வேறு கணக்கு. மீன்பாசி (மீன்பிடி உரிமை) குத்தகைக்குப் போன குளத்து மீன் குத்தகைதாரரின் சொத்து. அதில் தூண்டில் போட்டால் திருட்டு என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் புகார் கொடுக்க முடியும். ஓடும் ஆற்று மீன் பிடிபடும் வரை யாருக்கும் சொந்தமில்லை. குத்தகைக் குளத்து மீன் அப்படியில்லை.

அணைகளும் அப்படித்தான். பவானிசாகர், அமராவதி, ஆழியாறு, திருமூர்த்தி போன்ற நீர்த்தேக்கங்களில் மீன்வளத்தைப் பார்த்துக்கொள்வது தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம். குஞ்சு விடுவது, பரிசல்காரர்களைப் பதிவு செய்வது, பிடித்த மீனை எடைபோட்டு வாங்குவது எல்லாம் ஓர் ஏற்பாட்டின் கீழ் நடக்கிறது. பரிசலில் இரவெல்லாம் வலை விட்டு, காலையில் எடைக்குக் கொண்டுவரும் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. நமக்குப் பொழுதுபோக்கு என்பதால் அதை மறந்துவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

கரை காடாக இருந்தால் மேலே சொன்ன வனச் சட்டமும் வனவிலங்குச் சட்டமும் வந்துவிடும். சத்தியமங்கலம் 2008இல் சரணாலயமாகி 2013இல் புலிகள் காப்பகமானது. காவிரிப் பக்கம் தெற்குக் காவிரிச் சரணாலயம் 2022இல்தான் அறிவிக்கப்பட்டது. அப்பா காலத்தில் தடையில்லாமல் மீன் பிடித்த இடம் இன்றைக்குச் சரணாலயமாக இருக்கலாம். மோயாற்றில் இருக்கும் கூன்முதுகு மகசீர் என்ற மீன் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2018இல் அதை அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாகச் சர்வதேசச் செம்பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பக்கம் தூண்டிலைக் கண்டாலே வனத்துறை ஏன் விறைப்பாகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிரவுட் பட்டியலில் இல்லையே?

இல்லைதான். மச்சான் சொன்னதில் பாதி சரி. வானவில் டிரவுட் வட அமெரிக்க மீன், பழுப்பு டிரவுட் ஐரோப்பிய மீன். 1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் நீலகிரியில் டிரவுட்டை வளர்க்கப் பார்த்துத் தோற்றார். ஹென்றி சார்ல்டன் வில்சன் காலத்தில், 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வந்த பிறகுதான் மீன் நிலைத்தது. தூண்டிலுக்காகவே வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த மீன் இது.

ஆனால் பட்டியலில் இல்லாததால் வேட்டைக் குற்றச்சாட்டுதான் பலவீனமாகும். தேசியப் பூங்காவுக்குள்ளும் சரணாலயத்துக்குள்ளும் வேறு பிரிவுகள் இருக்கின்றன. சரணாலயத்துக்கு 29, தேசியப் பூங்காவுக்கு 35(6). முதன்மை வன உயிரினக் காப்பாளரின் அனுமதியில்லாமல் அங்கேயிருந்து எந்த வனவுயிரையும் அகற்றவோ அழிக்கவோ கூடாது என்பது விதி. 'எந்த' என்பதில் மீனும் அடக்கம், பட்டியலில் பெயர் இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. மேல்பவானியைத் தாண்டினால் முக்குர்த்தி தேசியப் பூங்கா. மூடுபனியில் எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க முடியாது.

நீலகிரிக்கென்றே தனிச் சட்டமும் உண்டு. நீலகிரி வேட்டை விலங்கு மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம், 1879. வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீன்களையும் சேர்த்துப் பாதுகாக்கப் போட்ட சட்டம். டிரவுட் நிலைப்பதற்குக் கிட்டத்தட்ட 30 ஆண்டு முன்பே அதற்கு வேலி போட்டுவிட்டார்கள்! ஆகவே 'வெளிநாட்டு மீன், அதனால் கேட்பாரில்லை' என்பது நீலகிரியில் தலைகீழான வாதம்.

பிடித்துவிட்டுத் திரும்ப விடுவது? கீழே குத்தகைக் குளத்தில் உரிமையாளர் சம்மதித்தால் அழகான பழக்கம். காட்டுக்குள் அது ஒரு தற்காப்பு ஆகாது. பட்டியலில் உள்ள இனமென்றால் பிடிப்பதும், பிடிக்க முயல்வதும், இரை காட்டுவதும்கூட வேட்டையின் வரையறைக்குள் வருகின்றன. அனுமதியில்லாமல் நுழைந்ததும் முள்ளைக் கொண்டுபோனதும் மீனை விட்டதும் மறைந்துவிடாது. கர்நாடகத்தில் பீமேஸ்வரி போன்ற காவிரிக்கரை முகாம்களில் பல ஆண்டுகள் மகசீரைப் பிடித்து அளந்துவிட்டுத் திரும்ப விட்டுக்கொண்டிருந்தார்கள். சரணாலயத்துக்குள் தூண்டிலும் வேட்டைதான் என்ற நிலைப்பாடு வந்ததும் அங்கே தூண்டில் போடுவது நின்றுபோனது.

அவலாஞ்சிப் பயணம்

உதகையில் மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் டிரவுட் உரிமம் வாங்கிக்கொண்டு போய்த் தூண்டில் போடுவது நெடுங்கால வழக்கம். பழைய வழிகாட்டிப் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் நீங்கள் பார்ப்பது அதைத்தான். ஆனால் அந்த உரிமம் மீனுக்குத்தான், வழிக்கு அல்ல. அவலாஞ்சியில் காடு வனத்துறையுடையது, அணை மின்வாரியத்துடையது, மீன் மீன்வளத்துறையுடையது. சுற்றுலாப் பயணிகளை வனத்துறை தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு அழைத்து வருகிறது. அந்த டிக்கெட்டில் நீங்கள் கீழே இறங்கித் தூண்டிலை விரிக்க முடியாது.

ஆகவே இரண்டு கடிதம் எழுதுங்கள். ஒன்று உதகை மீன்வளத்துறை அலுவலகத்துக்கு: இந்த ஆண்டு எந்த நீரில், எந்தத் தேதியில், எத்தனை தூண்டிலுக்கு உரிமம் உண்டு. இன்னொன்று நீலகிரி வனக்கோட்ட அலுவலகத்துக்கு: அந்த இடத்துக்குத் தூண்டிலோடு போக அனுமதி உண்டா. இரண்டுக்கும் 'உண்டு' என்று எழுத்தில் வந்தால் கிளம்புங்கள். ஒன்று வராவிட்டாலும் வேண்டாம். உங்கள் பழைய தாள் விவகாரம் முடியாமல் இருக்கும்போது இரண்டாவது முறை மாட்டினால், 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்று சொல்ல வாய் இருக்காது.

6,000 ரூபாய்க்காரருக்கு ஒரு பைசா அனுப்பாதீர்கள். பர்மிட் என்றால் அதில் கொடுத்த அலுவலரின் பதவி, உங்கள் பெயர், இடம், நாள், முத்திரை, கட்டணத்துக்கு அரசு ரசீது எல்லாம் இருக்கும். ஒரு விடுதி அறையிலிருந்து ஜிபேக்கு வருவது பர்மிட் அல்ல. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை மட்டும் வைத்திருங்கள்.

தடைக்காலம் பற்றிச் சுருக்கமாக. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்று செய்தியில் வருவது கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான தடை. பவானிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, டிரவுட்டுக்கும் இல்லை. டிரவுட் முட்டையிடுவது குளிர்காலத்தில். டிரவுட் நீர்நிலைகளை மூடுவதென்றால் அந்தக் குளிர்மாதங்களைத்தான் மூடுவார்கள். அதாவது நீங்கள் குறித்து வைத்திருக்கும் அரையாண்டு விடுமுறையை ஒட்டி.

மாமாவின் ஓடை

வேண்டாம். பட்டா நிலத்துக்குள் ஓடினாலும் இயற்கையான ஓடை பெரும்பாலும் புறம்போக்காகத்தான் பதிவாகியிருக்கும். கிராமத்து நில விவரம் உள்ள 'அ' பதிவேட்டைப் பாருங்கள், தெரிந்துவிடும். அதில் விட்ட மீன் தோட்டத்து வேலியோடு நிற்காது, கீழே போய்க்கொண்டே இருக்கும். டிரவுட் மற்ற மீன்களைத் தின்னும் மீன். வாழ இடம் கிடைத்தால் ஓடையில் இருக்கும் சின்ன மீன்களுக்கு ஆபத்து. கிடைக்காவிட்டால் குஞ்சுக்குக் கொடுத்த காசு போச்சு. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே திணற ஆரம்பித்துவிடும், கோத்தகிரியில் கோடையில் மதிய வெயில் பட்ட சின்ன ஓடை அதைத் தாண்டாது என்று சொல்ல முடியாது. அந்நிய ஊடுருவல் இனங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையும் 2022 திருத்தம் மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. மாமாவுக்கு மீன் ஆசை இருந்தால் தோட்டத்தில் மூடிய குட்டை வெட்டி, மீன்வளத்துறை ஆலோசனையோடு கெண்டை வளர்க்கட்டும்.

டிரவுட் பிடித்தே ஆக வேண்டும் என்றால்

அந்த ஆசையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஹிமாசலப் பிரதேசத்திலும் காஷ்மீரிலும் டிரவுட்டுக்கு நாள் உரிமம் கொடுத்து, ஆற்றின் இந்த இடத்தில் இத்தனை மீன் என்று கணக்கு வைத்து நடத்துகிறார்கள். ஹிமாசலில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய டிரவுட் ஆறுகள் மூடியிருக்கும், ஆகவே உங்களுக்கு மே மாத விடுமுறைதான் சரி. குல்லு மாவட்டத்துத் திர்த்தன் ஆறு டிரவுட்டுக்குப் பேர்போனது. உரிமத்தை மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் வாங்குங்கள், மச்சானுக்குத் தனியாக ஒன்று. ஆனால் அந்த ஆற்றின் மேல்பகுதி கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள் இருந்து வருகிறது. பூங்கா எல்லைக்குள் கால் வைத்தால் அங்கேயும் இதே 35ஆம் பிரிவுதான். உரிமம் தருகிறவரிடமே, அது ஆற்றில் எந்த இடம் வரைக்கும் செல்லும் என்று கேட்டு அதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.